பாலம் இறங்கியும் நிற்காத கோடு

மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகலில், விரைவுச் சாலையின் அறுபத்து மூன்றாவது கிலோமீட்டரில் உள்ள பாலத்துக்கும் அறுபத்து நான்காவது கிலோமீட்டரில் உள்ள இறங்கும் வழிக்கும் இடையே, நடுத் தடத்தையும் ஓரத் தடத்தையும் பிரிக்கும் வெள்ளைக் கோடு, விட்டுவிட்டுப் போடப்படுவதற்குப் பதிலாக விடாமல் போடப்பட்டது.

போட்டவருக்குத் தெருவில் கோட்டுக்காரர் என்று பெயர். கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறவர் அல்ல, சாலைக்குக் கோடு போடுகிறவர். கோடு போடும் லாரியின் பின்பக்கத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஓர் இருக்கை தொங்கும். அதில் உட்கார்ந்து, கொதிக்கும் வெள்ளைக் குழம்பு தாரின் மேல் இறங்குவதையும், அது ஆறுவதற்குள் கண்ணாடிப் பொடி தூவப்படுவதையும் பார்த்துக்கொண்டே வரவேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச். மேலே தள்ளினால் வெட்டுக்கோடு: கொஞ்சம் கோடு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி கோடு. அதைத் தாண்டித் தடம் மாறலாம். கீழே தள்ளினால் முழுக்கோடு. அதைத் தாண்டக் கூடாது. பாலத்தின் மேல் முழுக்கோடு, பாலம் இறங்கினால் வெட்டுக்கோடு. வேலை அவ்வளவுதான். "மாமாகிட்ட கோடு போடச் சொன்னா ரோடே போட்டுருவாரு" என்று மைத்துனன் கிண்டல் செய்வான். கோட்டுக்காரர் சிரிக்க மாட்டார். ரோடு போடுவது வேறு பிரிவு.

நாள் முழுக்க வாகனங்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவருக்கு ஓட்டுநர்களைப் பற்றி ஒரு கருத்து உருவாகாமல் இருக்காது. அவருக்குக் கருத்து மட்டுமல்ல, பட்டப்பெயர்களும் இருந்தன. வேகத் தடத்தில் ஏறிக்கொண்டு பின்னால் யார் வந்தாலும் நகராதவர் 'வீட்டுச் சொந்தக்காரர்'. மூன்று தடங்களையும் ஊசி நூல் மாதிரி கோத்துக்கொண்டு போகிறவர் 'தையல்காரர்'. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதைக் கடைசிவரை யாருக்கும் சொல்லாதவர் 'ரகசியக்காரர்'. தடம் முடியப் போகிறது என்று பலகை வைத்த பிறகும் அதிலேயே கடைசிவரை பறந்து வந்து மூக்கை நுழைக்கிறவரை மட்டும் அவர் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர்களைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

முழுக்கோட்டைப் பற்றி அவருக்கு ஒரே சித்தாந்தம். "அது கோடு இல்ல, படுத்திருக்கிற சுவர். நிக்க வெச்சா யாராவது தாண்டுவானா?" கல்யாணமான நாள் முதல் அவர் மனைவி இதைக் கேட்டு வருகிறாள். குடும்பத்தில் கார் ஓட்டுகிறவள் அவள்தான். தொழிலே அது. ஆறு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவள் கை ஓட்டும், பக்கத்தில் அவர் வாய் ஓட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாலத்தின் மேல் அவர் ஸ்விட்சைக் கீழே தள்ளியது சரி. பாலம் இறங்கும் இடத்தில்தான் சிவப்புக் கார் வந்தது. கோடு போடும் லாரிக்குப் பின்னால், கொஞ்ச தூரம் விட்டு, பெரிய அம்புக்குறி மின்னும் காவல் வண்டி ஒன்று வரும். இரண்டுக்கும் நடுவில் யாரும் நுழையக் கூடாது. சிவப்புக் கார் நுழைந்தது. ஈரக் கோட்டின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டு, லாரிக்குப் பக்கத்தில் வந்து, நடக்கிற வேகத்துக்கு இறங்கி, கண்ணாடியையும் இறக்கியது.

"யோவ், என் டயர் பூரா பெயிண்ட்."

"பெயிண்ட் உங்க டயர்ல ஏறலைங்க. உங்க டயர்தான் பெயிண்ட் மேல ஏறிச்சு."

"இதை யாரு துடைக்கிறது?"

"ரோடே துடைச்சிரும். போய்க்கிட்டே இருங்க."

"வண்டியை நிறுத்திட்டு பதில் சொல்லுய்யா."

"நாங்க நின்னா கோடும் நின்னுரும். நீங்க கூடவே வாங்க, பேசிக்கிட்டே போலாம்."

பேசிக்கொண்டே போனார்கள். கோட்டுக்காரருக்கு நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தது. அப்படி இருக்கும்போது பேச்சு நீளத்தான் செய்யும். போட்ட கோடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது காவல் வண்டி ஓட்டும் ஒல்லியின் வேலை. அன்றைக்கு ஒல்லி பார்த்தது கோட்டை அல்ல, சண்டையை. அறுபத்து நான்காவது கிலோமீட்டரில் சிவப்புக் கார் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காயாத கோட்டை மறுபடியும் மிதித்துக்கொண்டு இறங்கிப் போனது. இறங்கும் வழியின் வாயில் முறைப்படியே முழுக்கோடு வரவேண்டும். அது முடிந்ததும் கோட்டுக்காரர் வழக்கம்போல ஸ்விட்சை மேலே தள்ளினார். நடுவில் ஒரு தடவை தள்ள மறந்தது அவருக்கு உறைக்கவே இல்லை. அன்று இரவு சாப்பிடும்போதுகூடச் சிவப்புக் காரைப் பற்றித்தான் பேசினார்.

வெள்ளிக்கிழமை அவர் மனைவிக்கு நகரப் பேருந்து ஓட்டுநர் தேர்வு. போன வருடம் அழைப்பு வந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இதுதான் ஒரே வாய்ப்பு. தேர்வு நடக்கும் டிப்போ அறுபத்து நான்காவது கிலோமீட்டரில் இறங்கினால் கூப்பிடு தூரம். ஒன்பது மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது இல்லாதவர் இல்லாதவர்தான்.

அன்று காலை காரில் மூன்று பேர். அவள் ஓட்டினாள். கோட்டுக்காரர் பக்கத்தில். பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, முன் இருக்கைகள் இரண்டுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டு அவள் தம்பி. டாக்சி ஓட்டுகிறவன். அவன் வண்டி பட்டறையில் கிடந்ததால் அக்காவுக்குத் தைரியம் சொல்ல வந்திருந்தான்.

"அக்கா, அந்த வெள்ளை வண்டிக்காரனைப் பாரேன். ஸ்பீடு லேன்ல பாய் விரிச்சுப் படுத்திருக்கான்."

"வீட்டுச் சொந்தக்காரர்," என்றார் கோட்டுக்காரர்.

"லைட் அடி, அக்கா."

"அடிக்காதே. அடிச்சா இன்னும் மெதுவாப் போவாரு. அது அவங்க பரம்பரைக் குணம்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா," என்றாள் அவள். "முப்பது பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறப்பகூட வண்டிக்குள்ள இவ்வளவு சத்தம் இல்ல."

ஓரத் தடத்தில் நான்கு சரக்கு லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஊர்ந்தன. அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்னங்க, இப்பவே ஓரத்துக்கு மாறிரவா? அறுபத்து நாலுல இறங்கணும்."

"இப்ப மாறினா லாரிக்குப் பின்னால நடைதான். நடு லேன்லயே வா. லாரியெல்லாம் தாண்டிரு. பாலத்து மேல முழுக்கோடு இருக்கும், மாற முடியாது. பாலம் இறங்கினதும் வெட்டுக்கோடு. ஒரு கிலோமீட்டர் முழுசா கிடக்கு, சாவகாசமா மாறலாம்."

"நிச்சயமா?"

"கோட்டைப் போட்டவனே பக்கத்துல உக்காந்திருக்கேன், சந்தேகம் வேறயா."

லாரிகளைத் தாண்டினார்கள். பாலம் ஏறினார்கள். முழுக்கோடு, அழகான கோடு, காலை வெயிலில் கண்ணாடிப் பொடி மின்னிக்கொண்டு வந்தது. கோட்டுக்காரர் அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பாலம் இறங்கியது. கோடு இறங்கியும் நிற்கவில்லை.

அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டது.

"எங்கங்க வெட்டுக்கோடு?"

"வரும்."

"வரலையே."

"இதோ, அந்த விளக்குக் கம்பம் தாண்டினதும்."

விளக்குக் கம்பம் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. ஓரத் தடத்தில் லாரிகள் பின்தங்கிவிட்டதால் ஈ காக்கை இல்லை.

"அக்கா, காலியா கிடக்கு. ஒரு ஒடி ஒடிச்சேன்னா உள்ள போயிரலாம்," என்றான் தம்பி.

"முழுக்கோடுடா."

"இருந்தா? அதுல என்ன கரண்டா ஓடுது?"

வேகத் தடத்திலிருந்து ஒரு தையல்காரர் இரண்டு தடங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் இறங்கும் வழிக்குள் பாய்ந்தார். பின்னால் இன்னொருவர். வேலி தாண்டும் ஆடுகள் மாதிரி ஒருவர் பின் ஒருவர். அவள் ஒரு கணம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் 'மாறு' என்று ஒரு வார்த்தை சொன்னால் மாறிவிடுவாள். அது அவருக்கும் தெரிந்தது. ஒரே வாய்ப்பு என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தார். இத்தனை வருடம் படுத்திருந்த சுவர் அவர் தொண்டையில் எழுந்து நின்றுகொண்டது.

இறங்கும் வழி பக்கவாட்டில் விலகிப் போனது.

அப்போதுதான் அவர் இரண்டு விஷயங்களைப் பார்த்தார். ஒன்று, முழுக்கோட்டிலிருந்து கிளம்பி இறங்கும் வழிப் பக்கம் வளைந்து போகும் வெள்ளை டயர்த் தடங்கள். சிவப்புக் கார் மிதித்துக்கொண்டு போன இடம். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் தலைக்குள் ஒரே நொடியில் ஓடி முடிந்தது. இரண்டாவது, நடுத் தடத்தில் அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் சில கார்கள். எல்லாம் இண்டிகேட்டர் போட்டிருந்தன. எல்லாம் இறங்க விரும்பின. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. விளக்கைச் சிமிட்டியபடியே வரிசையாக, மரியாதையாக, தாங்கள் இறங்கவேண்டிய இடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. அவர் எண்ணினார். தங்கள் காரை விட்டு ஏழு.

"எந்த மடையன் போட்டான் இந்தக் கோட்டை," என்றான் தம்பி.

அவள் இண்டிகேட்டரை அணைத்தாள்.

"என்னங்க."

"ம்."

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எங்க வேலைன்னு சொன்னீங்க?"

"பாலத்துகிட்ட."

"பாலத்துகிட்டன்னா?"

"பாலத்துலேருந்து," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பக்கமா," என்றார்.

தம்பி அன்று முதல் தடவையாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். எதிரே வந்த பலகையை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்: "அடுத்த இறங்கும் வழி, பதினெட்டு கிலோமீட்டர்."

அந்தப் பதினெட்டில் பாதி தூரம் கடந்தது. பிறகு கோட்டுக்காரர் தொலைபேசியை எடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். தவறு தெரிந்த பிறகு சொல்லாமல் வைத்துக்கொள்வது அவருக்கு வயிற்றுவலி மாதிரி. காதில் வைத்துப் பேசிப் பழக்கம் இல்லை, ஸ்பீக்கரில்தான் போடுவார், ஆகவே மறுமுனைக் குரலும் எல்லாருக்கும் கேட்டது.

"சார், அறுபத்து மூணு பாலத்துலேருந்து எக்ஸிட் வரைக்கும் முழுக்கோடு போட்டுட்டேன் சார். வெட்டுக்கோடு வரணும். என் தப்புதான்."

"அங்கயா? நேத்துகூட நான் அந்த வழியாத்தானேப்பா இறங்கினேன்."

"எப்படி சார் இறங்கினீங்க?"

"எப்படின்னா? இறங்கினேன்."

"முழுக்கோடா இருந்திருக்குமே சார்."

மறுமுனையில் கொஞ்சம் இருமல் கேட்டது. "வீட்டுக்குப் போற அவசரத்துல யாருப்பா கோட்டைப் பாக்குறா."

"புகார் ஏதாவது வந்துச்சா சார்?"

"ஒண்ணுகூட இல்லையே. மூணு நாளா எல்லாரும் நல்லாத்தான் இறங்கிட்டு இருக்காங்க. நீ பதறாதே, திங்கட்கிழமை செதுக்கி எடுத்துரலாம்."

கோட்டுக்காரர் தொலைபேசியை மடியில் வைத்தார். பின் இருக்கையில் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சத்தம் வராமல் சிரிக்க முயன்று, தோற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் உதடும் ஓரத்தில் லேசாக அசைந்தது.

அவருக்குத் தப்புச் செய்தது சுட்டதைவிட, அது மூன்று நாளாக ஒருவர் கண்ணிலும் படாமல் போனதுதான் தைத்தது. சுவரை எழுப்பிவிட்டு வந்திருக்கிறார். ஊரே அதன் வழியாக நடந்து போயிருக்கிறது.

"ஏழு பேர் தாண்டல," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "நான் எண்ணினேன்."

"மாமா, அந்த ஏழு பேரும் இப்ப உங்களைப் பத்தி என்ன பேசிட்டு வர்றாங்கன்னு நினைக்கிறீங்க," என்றான் தம்பி.

பதினெட்டு கிலோமீட்டர் போய் எட்டுக் கார்களின் ஊர்வலம் இறங்கி, பாலத்தடியில் திரும்பி, பழைய சாலை வழியாக டிப்போவை நோக்கிப் போயிற்று. பழைய சாலை ஒற்றைத் தடம். அவர்களுக்கு நேர் முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார். பலகையில் ஐம்பது என்று போட்டிருந்தால் அது ஐம்பதில் போயிற்று. நாற்பது என்றால் நாற்பது. தம்பி நகத்தைக் கடித்தான். அவள் இடைவெளி விட்டு, ஹார்ன் அடிக்காமல், பின்னாலேயே போனாள். ஒன்பது மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஓரிடத்தில் சாம்பல் கார் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் ஒதுங்கி, நின்றது. தாண்டும்போது எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு மனிதர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போன் பேசறதுக்கு வண்டியை நிறுத்துற ஆளை என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றான் தம்பி.

டிப்போ வாசலில் அவள் காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். வாயில் காவலர் முக்காலியில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பேர் கூப்பிட்டாச்சா?"

"கூப்பிடுறவரே வரலம்மா. இப்பத்தான் போன் பண்ணாரு. வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன்னு வேற சொன்னாரு. அதை யாரு கேட்டா."

அவள் வரிசையில் போய் நின்றாள். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். கோட்டுக்காரரும் மைத்துனனும் வேலிக்கு வெளியே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறக் கார் உள்ளே நுழைந்தது. நிறுத்தும் கட்டத்துக்குள் ஒரு தடவை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி ஏறி நேராக்கிவிட்டு இறங்கினார் தேர்வாளர். குள்ளமான மனிதர். மேல் பொத்தான் வரை போட்ட சட்டை.

"தாமதத்துக்கு மன்னிக்கணும்," என்றார் வரிசையைப் பார்த்து. "அறுபத்து நாலுல இறங்க முடியல. கோடு தப்பாப் போட்டிருக்கு. உங்கள்ல யாரெல்லாம் இன்னைக்கு அந்த வழியா வந்தீங்க?"

ஐந்தாறு கைகள் எழுந்தன.

"எப்படி இறங்கினீங்க?"

எழுந்ததைவிட வேகமாகக் கைகள் இறங்கின. ஒருவர் மட்டும் சமாளித்தார். "நான் ஆரம்பத்துலேருந்தே ஓரத்துலதான் சார் வந்தேன்."

"லாரிக்குப் பின்னாலயா?"

"ஆமா சார்."

"எத்தனை லாரி?"

"ரெண்டு சார்."

"நாலு," என்றார் தேர்வாளர்.

வேலிக்கு வெளியே கோட்டுக்காரர் மைத்துனனின் தோளைப் பிடித்தார். "மாப்ள, எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு."

"பிடிச்சுக்கங்க. அக்கா டெஸ்ட் முடியட்டும்."

"அந்தக் கோட்டைப் போட்டவர் மட்டும் இங்க இருந்தா," என்று தேர்வாளர் தொடர்ந்தார், "உங்களுக்கு முன்னாடி அவரைத்தான் டெஸ்ட் பண்ணுவேன்."

கோட்டுக்காரரின் வலது கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. உண்மை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வரிசையிலிருந்து அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். வேனில் முப்பது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் பார்வை அது. கோட்டுக்காரர் அங்கிருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார்.

தேர்வாளர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இல்லை. முதல் மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அவள் முறை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. டிப்போவுக்குள் கம்பங்களுக்கு நடுவே பேருந்தைப் பின்னால் எடுத்தாள். ஒரு கம்பம் லேசாக ஆடியது. கோட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"விழலை மாமா, ஆடிச்சு. ஆடுறது வேற, விழறது வேற," என்றான் மைத்துனன்.

பேருந்து வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. மற்றவர்கள் போய் வந்த நேரத்தில் அது வரவில்லை. மைத்துனன் இரண்டு முறை டீ வாங்கி வந்தான். கோட்டுக்காரர் இரண்டையும் ஆறவிட்டுக் குடித்தார். கடைசியில் பேருந்து திரும்பி வந்து நின்றது. அவள் இறங்கி வேலி ஓரம் வந்தாள்.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றார்.

"கடைத் தெருவுல ஒரு சாமான் வண்டி. பாதையை அடைச்சுக்கிட்டு நிக்குது, உள்ள டிரைவர் இல்ல. பக்கத்துல முழுக்கோடு."

"ஐயையோ."

"நின்னேன். பின்னால ஒரே ஹார்ன். இவரு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்புறம் மெதுவா கேட்டாரு, என்ன யோசனைன்னு. முழுக்கோடு சார்ன்னேன். தெரியுது, மேல சொல்லுங்கன்னாரு."

"அப்புறம்?"

"எதிர்ல வர்றதெல்லாம் போகட்டும்னு பாத்தேன். இண்டிகேட்டர் போட்டேன். தாண்டினேன்."

கோட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து மைத்துனன் டீக் குவளையைக் கீழே வைத்தான்.

"தாண்டிட்டியா."

"தாண்டினேங்க. வழியை அடைச்சு நிக்கிறதைச் சுத்தி, பாத்து, தாண்டலாம்னு சட்டத்துலயே இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்ததுலதான் இல்ல. போன மாசம் படிச்சேன். உங்ககிட்ட சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

அவர் யோசித்தார். இத்தனை வருடம் கோடு போட்டதில், அதை எப்போது தாண்டலாம் என்று தெரிந்துகொள்ளும் தேவை அவருக்கு வந்ததே இல்லை.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. திரும்பி வர்றப்பதான் கேட்டாரு. நீங்களும் லேட்டாத்தான் வந்தீங்களாமே, ஏன்னு. அதே கோடுதான் சார்ன்னேன். அவசரத்துக்குக்கூடத் தாண்டலையான்னு கேட்டாரு."

"நீ?"

"எங்க வீட்டுல பழக்கம் இல்ல சார்ன்னேன்."

மதியத்துக்கு முன் முடிவைச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். அவள் நான்காவது. பின்னால் எடுப்பதில் இன்னும் பயிற்சி தேவை என்றார் தேர்வாளர்.

அவர் காருக்குப் போகும் வழியில் கோட்டுக்காரர் காத்திருந்தார். இனி அவரைத் தடுக்க யாருக்கும் காரணம் இல்லை. அவளும் தடுக்கவில்லை. தங்கள் காரில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"சார், அந்த அறுபத்து மூணாவது கிலோமீட்டர் கோடு. நான்தான் சார் போட்டது."

தேர்வாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா."

"ஸ்விட்சை மாத்த மறந்துட்டேன் சார். ஒரு ஆளோட பேசிட்டு இருந்தேன்."

"பேசிட்டா?"

"சண்டை போட்டுட்டு. அவரு டயரை ஈரக் கோட்டு மேல ஏத்திட்டாரு."

அந்தத் தகவலைத் தேர்வாளர் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தார். அவருக்கு அது புரியக்கூடிய காரணமாகத்தான் பட்டது போலிருந்தது.

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"திங்கட்கிழமை செதுக்கிருவோம் சார். போடுறது சுலபம், எடுக்கிறதுதான் நாள் முழுக்க இழுக்கும்."

"ஓரத் தடத்தை அடைப்பீங்களா?"

"அடைக்கணும் சார்."

"அப்ப திங்கட்கிழமையும் நான் பழைய ரோட்டுல வர்றேன்." கார்க் கதவைத் திறந்தவர், அங்கே சாய்ந்து நின்றவளைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னைக்கு நம்மளோட எத்தனை வண்டி தாண்டாம வந்துச்சு? கவனிச்சீங்களா?"

"எங்க வண்டியை விட்டு ஏழு சார். உங்களையும் சேர்த்து."

"ஏழா," என்றார் தேர்வாளர். அவர் முகம் அன்று முதல் தடவையாக இளகியது. "நான் நாலு, அஞ்சுதான் இருக்கும்னு நினைச்சேன்."

திங்கட்கிழமை கோட்டைச் செதுக்கினார்கள். கோட்டுக்காரரை மூன்று மாதத்துக்குக் காவல் வண்டியில் உட்கார்ந்து கோட்டைப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஸ்விட்ச் இருக்கையில் ஒல்லி உட்கார்ந்தான். ஜூலை முதல் தேதி அவர் மனைவி வேலையில் சேர்ந்தாள். டிப்போவிலிருந்து ரயில் நிலையம் வரை போய்வரும் பதினேழாம் எண் பேருந்தைக் கொடுத்தார்கள். அது விரைவுச் சாலையில் ஏறுவதில்லை.